பந்துக்குள்ள வண்டி: நிறுத்தினாலும் ஆடுது, சரிவு ஏற மாட்டேங்கு

முட்டம் மெக்கானிக்:
அண்ணன்மாரே, நான் வள்ளத்து எஞ்சின் வேலை பாக்கேன். பத்தாம் வகுப்பு படிக்கிற மகளுக்கு அறிவியல் கண்காட்சி. 16 செ.மீ. விட்டத்துல பிளாஸ்டிக் பந்து, உள்ள ரெண்டு மோட்டார் வச்ச வண்டி, போன்ல புளூடூத் வழியா ஓட்டுறோம். வண்டி உள்சுவர்ல ஏற ஏற பந்து முன்னால உருளுது. ஆனா நிறுத்தினா தொட்டில் கணக்கா பத்து தடவை ஆடிட்டுத்தான் நிக்கும். வராந்தாவுல இருந்து முற்றத்துக்கு இறங்கினா திரும்ப ஏறாது. கடல் மணல்ல விட்டா குழி தோண்டி அதுக்குள்ளயே கெடக்கு. பந்தோட ஓடு 300 கிராம், வண்டி பேட்டரியோட 300 கிராம். ரெண்டு நாளா பிள்ளை சரியா சாப்பிடல்ல.

நாகர்கோவில் வாத்தியார்:
பேட்டரி மோட்டாருக்கு மேலயா இருக்கு?

முட்டம் மெக்கானிக்:
ஆமா சார்.

நாகர்கோவில் வாத்தியார்:
சரிவு ஏறாததுக்கு அதுதான் காரணம். வண்டியோட எடைமையம், அதாவது எடை முழுசும் குவியுற புள்ளி, பந்து மையத்துக்கு 2 செ.மீ. கீழதான் இருக்கும்னு வைங்க. வண்டி எடையை அந்த தூரத்தால பெருக்கி, மொத்த எடை × பந்து ஆரத்தால வகுத்தா சரிவுக் கோணத்தோட சைன் மதிப்பு வரும். 300 × 2 ÷ (600 × 8) = 0.125. ஏறக்கூடிய சரிவு 7 டிகிரியோட முடிஞ்சுது. பேட்டரிய அடியில மாத்தி, வலையில கட்டுற ஈயக்குண்டு 200 கிராம் சேருங்க. எடைமையம் பந்து மையத்துக்கு 4.5 செ.மீ. கீழ வந்தா 500 × 4.5 ÷ (800 × 8) = 0.35, ஏறக்குறைய 20 டிகிரி. ஈயத்தை டேப் சுத்தி ஒட்டுங்க, தொட்ட கைய பிள்ளை கழுவணும். ஆட்டத்துக்கு ஈயம் மருந்தில்ல. மோட்டாரை டப்புன்னு நிறுத்தாம, ஒரு செகண்டுல படிப்படியா வேகத்தைக் குறைக்கிற மாதிரி புரோகிராமை மாத்துங்க.

குலசேகரம் ரப்பர்:
20 டிகிரி வாறதுக்கு முன்னாலயே சக்கரம் உள்ள வழுக்கும் அண்ணே. காலையில சிரட்டையில விழுந்த ரப்பர் பால்ல சக்கரத்தை முக்கி உணத்துங்க. மூணு தடவை போதும், நல்லா பிடிக்கும்.

தக்கலை மாணவி:
மணலுக்கு முழுப்பந்து சரிவராது மாமா. 2024 ஜனவரியில ஜப்பானோட ஸ்லிம் விண்கலம் நிலாவுல இறங்கினப்போ சோரா-கியூன்னு ஒரு பந்து ரோபோ போச்சு. 8 செ.மீ. விட்டம், 250 கிராம்தான். தரையில விழுந்ததும் ரெண்டா பிரிஞ்சு, ரெண்டு பாதியும் சக்கரமா மாறிடும். அச்சு நடுவுல இல்லாம தள்ளி இருக்கிறதால நிலா மண்ணுல எத்தி எத்தி நகரும். தலைகீழா கெடந்த ஸ்லிம்மைப் படம் பிடிச்சதும் அதுதான்!

முட்டம் மெக்கானிக்:
ஈயம் வச்சாச்சு, புரோகிராமையும் மாத்தியாச்சு, ரப்பர் பாலும் ஒருத்தர் தந்தாரு. சரிவு ஏறுது! நிறுத்தினா மூணு ஆட்டத்துல நிக்குது. எல்லாருக்கும் நன்றி. மகள் நிலாப் படத்தைப் பார்த்ததுல இருந்து, பந்தை ரெண்டா அறுக்க எந்த பிளேடு வேணும்னு கேட்டுட்டு நிக்கா.