அட்டவணை எண் ஏறினால் கட்டுப்பாடு தளருமா, இறுகுமா?

கேள்வி:
மருந்தியல் சட்டப் பாடத்துக்காகப் போதைப்பொருள்களை அட்டவணைகளாகப் பிரித்துக் கட்டுப்படுத்தும் ஐ.நா. உடன்படிக்கைகளைப் படித்து வருகிறேன். 1961 உடன்படிக்கையின் நான்காம் அட்டவணையில் ஹெராயின் இருக்கிறது. 1971 உடன்படிக்கையின் நான்காம் அட்டவணையிலோ, பதற்றத்துக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் டயஸிபாம் இருக்கிறது. இவை எப்படி ஒரே எண்ணில் வரும்? எண் ஏற ஏறக் கட்டுப்பாடு தளரும் என்று நான் குறித்து வைத்திருப்பது தவறா?

மறுமொழி 1:
1971 உடன்படிக்கைக்கு உங்கள் குறிப்பு சரிதான். மாயத்தோற்றம் தரும் எல்.எஸ்.டி. முதலாவதிலும், ஊக்கமருந்தான ஆம்ஃபெட்டமைன் இரண்டாவதிலும், வலிநிவாரணியான ப்யூப்ரினார்ஃபின் மூன்றாவதிலும், டயஸிபாம் நான்காவதிலுமாக, தீங்கையும் மருத்துவப் பயனையும் எடைபோட்டு அந்த வரிசை படிப்படியாக இறங்குகிறது. 1961-இல் அப்படிப்பட்ட படிக்கட்டு கிடையாது. வலிநிவாரணியான மார்ஃபின் முதலாவதிலும், அதைவிட வீரியம் குறைந்த கோடீன் இரண்டாவதிலும் இருக்கின்றன. மூன்றாவது, பொருள்களின் பட்டியலே அன்று, தயாரிப்புகளின் பட்டியல். நான்காவதில் உள்ளவை அனைத்தும் முதலாவதிலும் உள்ளவையே. அவற்றுள் மிகவும் ஆபத்தானவை என்றும், அந்த ஆபத்துக்கு ஈடான மருத்துவப் பயன் இல்லாதவை என்றும் கருதப்பட்டவற்றின் பெயர்களே அங்கே மறுபடியும் எழுதப்படுகின்றன. எனவே ஹெராயின் இரு பட்டியல்களிலும் இருக்கிறது.

மறுமொழி 2:
மூன்றாவதைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். கோடீனை வேறு உட்பொருளுடன் கலந்து, ஒரு மாத்திரைக்கு 100 மில்லிகிராமுக்கும், திரவமானால் 2.5 சதவீதத்துக்கும் மிகாமல் தயாரித்தால், அத்தயாரிப்பு மூன்றாவது அட்டவணைக்கு வந்து சில கெடுபிடிகளிலிருந்து விடுபடுகிறது. தனிக் கோடீனோ இரண்டாவதிலேயே நிற்கிறது. ஆகவே “கோடீன் எந்த அட்டவணை?” என்று தேர்வில் மொட்டையாகக் கேட்டால், என்னைப் பொறுத்தவரை கேள்விதான் தவறு.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் 2020-இல் கஞ்சாவை நீக்கினார்கள் என்கிறார்களே, எதிலிருந்து?

மறுமொழி 1:
நான்காவதிலிருந்து மட்டும், முதலாவதில் அது இன்றும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையின் மீது, 53 உறுப்பு நாடுகளைக் கொண்ட ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் அவ்வாண்டு டிசம்பர் 2 அன்று வாக்கெடுத்தது: ஆதரவு 27, எதிர்ப்பு 25, ஒரு நாடு நடுநிலை. 1961 அட்டவணைகளை மாற்றச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்பதால்தான் அது நிறைவேறியது. 1971 அட்டவணைகளுக்கு மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரு பங்கு, அதாவது 36 வாக்குகள், வேண்டியிருந்திருக்கும்.