புத்தகத்து கியூஆர் வீடியோ வகுப்பில் ஓடவில்லை, பிள்ளைகளிடம் போனும் இல்லை. வழி சொல்லுங்கள்

அஞ்செட்டிக்காரி:

வணக்கம். அஞ்செட்டியில் இருந்து இன்னும் உள்ளே தள்ளி ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 9, 10 வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். பள்ளியில் பழைய ப்ரொஜக்டர் ஒன்றும் ஸ்பீக்கர் ஒன்றும் இருக்கின்றன, லேப்டாப் என்னுடையது. நெட் மட்டும் கிடையாது. பள்ளிக்குப் பின்னால் ஒரு மேடு இருக்கிறது, அங்கே போய் நின்றால் கர்நாடகா டவர் பிடிக்கும், வகுப்புக்குள் வந்தால் ஒரு புள்ளிகூட வராது.

பாடப்புத்தகத்தில் உள்ள கியூஆர் கோடுகளை வீட்டிலேயே தீக்ஷா என்ற அரசுப் பாடச் செயலியில் ஸ்கேன் செய்து டவுன்லோடு போட்டுக்கொண்டுதான் போகிறேன். அப்படியும் வகுப்பில் திறந்தால் சிலது ஓடுகிறது, சிலது சுற்றிக்கொண்டே நிற்கிறது. ஓடுவதையும் போனில்தான் பார்க்க முடிகிறது. லேப்டாப்புக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று போனுக்குள் எல்லா ஃபோல்டரையும் தேடினேன், வீடியோ கோப்பே கண்ணில் படவில்லை. 34 பேர் ஒரு போன் திரையை எட்டிப் பார்த்தால் பாடம் நடந்த மாதிரிதான்.

இன்னொரு விஷயமும் கேட்க வேண்டும். பயிற்சிக்குப் போனால் வினாடி வினா தளங்கள் விதவிதமாகக் காட்டுகிறார்கள், எல்லாவற்றுக்கும் பிள்ளை கையில் ஆளுக்கொரு போன் வேண்டியிருக்கிறது. இங்கே பாதிப் பிள்ளைகளின் அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள், வீட்டுப் போன் அவர்களோடு போய்விடும். போன் இல்லாமல் நடத்தக்கூடியது ஏதாவது இருக்கிறதா? "ஒய்ஃபை போட்டுக்கொள்ளுங்கள்" என்று மட்டும் தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள், அந்தக் கதை எல்லாம் கேட்டுப் பார்த்தாகிவிட்டது.

ராயக்கோட்டைத் தக்காளி:

டீச்சர், வினாடி வினாவுக்குக் கஹூட் போட்டுப் பாருங்கள், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். கேன்வாவும் ஆசிரியர்களுக்கு இலவசம்தான், போஸ்டர் எல்லாம் அழகாக வரும்.

அஞ்செட்டிக்காரி:

சார், கஹூட்டுக்கும் நெட் வேண்டுமே. எங்கள் சுவரில் போஸ்டருக்குக் குறைவில்லை.

அரூர் கணக்கு:

டீச்சர், பாதி ஓடுவதற்கும் பாதி ஓடாததற்கும் காரணம் உங்கள் போன் இல்லை. தீக்ஷாவில் ஒரு கோடுக்குள் இரண்டு வகைச் சரக்கு கலந்து இருக்கும். சில வீடியோக்களைச் செயலிக்குள்ளேயே ஏற்றி வைத்திருப்பார்கள், அது டவுன்லோடு ஆகும், நெட் இல்லாமலும் ஓடும். சிலது வெறும் யூடியூப் இணைப்பு. அதைத் தீக்ஷா தன்னிடம் இறக்கி வைத்துக்கொள்ளாது, ஒவ்வொரு தடவையும் நெட்டில் இருந்துதான் ஓட்டும். ஆகவே கோடு முழுவதும் இறங்கிவிட்டது என்று நம்பாமல், வீட்டில் ஒவ்வொன்றையும் ஏரோபிளேன் மோடில் ஓட்டிப் பாருங்கள். அங்கே ஓடினால் வகுப்பிலும் ஓடும். ஓடாததை யூடியூப் செயலியில் தேடி, அதிலேயே டவுன்லோடு பட்டன் இருந்தால் அமுக்கி வைத்துக்கொள்ளலாம். கண்ட கண்ட தளத்தில் இருந்து வீடியோ இறக்கும் ஏபிகே (பிளே ஸ்டோருக்கு வெளியே கிடைக்கும் செயலிக் கோப்பு) எல்லாம் போடாதீர்கள், போனில் வங்கிச் செயலி வேறு இருக்கும்.

கோப்பு கண்ணில் படாதது சரிதான். செயலி அதைத் தனக்குள்ளேயே தன் வடிவத்தில் பூட்டி வைத்துக்கொள்கிறது. வேறொரு போனில் தீக்ஷா இருந்தால் அதற்குப் பகிரலாம், லேப்டாப்பில் இழுத்துப் போட முடியாது.

இன்னும் ஒன்று. ஜெராக்ஸ் எடுத்த தாளில் கோடு மங்கிப்போய் ஸ்கேன் ஆகாவிட்டால் கவலை வேண்டாம், கோடுக்குக் கீழே எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடத்தில் ஒரு குறியீடு இருக்கும், அதைத் தீக்ஷாவின் தேடல் கட்டத்தில் தட்டினால் போதும். பொதுவான கியூஆர் ஸ்கேனரில் காட்டினால் பிரவுசருக்குப் போய்விடும், அங்கே டவுன்லோடு நடக்காது. செயலிக்குள் இருக்கும் ஸ்கேனரையே பயன்படுத்துங்கள்.

ஓசூர்ப் பையன்:

மேடம், போனில் ஓடுவதை அப்படியே லேப்டாப் திரைக்குக் கொண்டுவந்துவிட்டால் கோப்பைத் தேட வேண்டிய வேலையே இல்லை. அதற்கு ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, பெயர் உச்சரிக்க வராது, எஸ்-சி-ஆர்-சி-பி-ஒய் (scrcpy) என்று எழுத்து எழுத்தாகத் தேடுங்கள். மென்பொருள் எழுதுபவர்கள் வெளியிடும் கிட்ஹப் தளத்தில் அதற்கு உள்ள பக்கத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள், அதே பெயரில் போலித் தளங்கள் உலவுகின்றன. இன்ஸ்டால் கூட வேண்டாம், ஜிப்பைப் பிரித்து உள்ளே இருப்பதை இரண்டு தட்டு தட்டினால் திறக்கும். நெட் துளிகூட வேண்டாம், யூஎஸ்பி கேபிள் போதும்.

முதலில் போனில் செட்டிங்ஸ், அபவுட் போன் என்று போய் பில்டு நம்பரை ஏழு தடவை தட்டுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்று புதிதாக ஒன்று முளைக்கும். அதற்குள் யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து கேபிளைச் செருகினால் போன் அனுமதி கேட்கும், சரி கொடுங்கள். அவ்வளவுதான், போன் திரை லேப்டாப்பில் வரும், அங்கிருந்து ப்ரொஜக்டருக்குப் போய்விடும். வகுப்பு முடிந்ததும் டீபக்கிங்கை அணைத்துவிடுங்கள், அது ஆனில் இருந்தால் சில வங்கிச் செயலிகள் திறக்க மறுக்கும்.

கடையில் போனை நேராக ப்ரொஜக்டரில் இணைக்கலாம் என்று எச்டிஎம்ஐ கேபிள் ஒன்றை நீட்டுவார்கள். விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் அந்த வசதியே இருக்காது, வாங்கிவிடாதீர்கள்.

அஞ்செட்டிக்காரி:

தம்பி, எல்லாம் நீங்கள் சொன்ன மாதிரியே செய்தேன். போன் சார்ஜ் ஏறுகிறது, ஆனால் லேப்டாப்பில் கருப்புக் கட்டம் ஒன்று பளிச்சென்று வந்து உடனே மூடிக்கொள்கிறது. அனுமதியும் கேட்கவில்லை.

ஓசூர்ப் பையன்:

கேபிள்தான் மேடம். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் உண்டு, அதில் டேட்டா போகாது, பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. போனோடு பெட்டியில் வந்த கேபிளைப் போட்டுப் பாருங்கள். அதைச் செருகும்போது "ஃபைல் டிரான்ஸ்ஃபரா, சார்ஜிங் மட்டுமா" என்று போன் கேட்டால் நல்ல கேபிள் என்று அர்த்தம்.

அஞ்செட்டிக்காரி:

வந்துவிட்டது! ஒளியியல் வீடியோவை ப்ரொஜக்டரில் பெரிதாக ஓட்டினேன். படம் அருமை. ஆனால் சத்தம் லேப்டாப்பில் வரவில்லை, போனில் இருந்தே வருகிறது. என் போன் ஆண்ட்ராய்டு 10. புதுப் போன் வாங்க வேண்டுமா?

ஓசூர்ப் பையன்:

வேண்டவே வேண்டாம். சத்தத்தையும் கடத்தும் வசதி அந்த மென்பொருளில் 2023-இல்தான் வந்தது, அதுவும் ஆண்ட்ராய்டு 11-இல் இருந்துதான். உங்கள் போனில் ஹெட்போன் துளை இருந்தால் ஸ்பீக்கரின் ஆக்ஸ் கேபிளை லேப்டாப்பில் இருந்து பிடுங்கிப் போனில் செருகுங்கள். படம் ஒரு வழி, சத்தம் ஒரு வழி. அப்படிப் போனால் படமும் சத்தமும் ஒரு இழை முன்னே பின்னே இருக்கலாம், பாட வீடியோவுக்கு யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

பாலக்கோடு மிஸ்:

வினாடி வினாவுக்கு நான் பிளிக்கர்ஸ் பயன்படுத்துகிறேன். போன் டீச்சரிடம் ஒன்று இருந்தால் போதும். பிள்ளைக்கு ஒரு காகித அட்டை, அதில் கட்டம் கட்டமாக ஒரு கருப்புப் படம், ஒவ்வோர் அட்டையிலும் படம் வேறு. அட்டையின் நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் இருக்கும், எந்த விடையோ அந்தப் பக்கம் மேலே வருகிற மாதிரி பிள்ளை தூக்கிக் காட்டும். நாம் போன் கேமராவை வகுப்பு முழுக்க ஒரு சுற்று சுற்றினால் யார் என்ன விடை சொன்னார்கள் என்று செயலி குறித்துக்கொள்ளும். பக்கத்தில் உள்ளவனைப் பார்த்துக் காப்பி அடிக்க முடியாது, அவன் அட்டை வேறு, இவன் அட்டை வேறு. எனக்கு இதில் பிடித்ததே, வாயே திறக்காத பிள்ளையும் விடை சொல்லிவிடுகிறது என்பதுதான். கை தூக்கச் சொன்னால் எப்போதும் அதே ஐந்து கைதானே மேலே போகும்.

அட்டையை பிளிக்கர்ஸ் தளத்தில் இருந்து இலவசமாக இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். பிள்ளைகளின் பெயரை ஏற்றாதீர்கள், வரிசை எண் போதும்.

அரூர் கணக்கு:

மிஸ், அதற்கு நெட் வேண்டுமே. அவர்கள் வகுப்பில்தான் டவரே இல்லையாமே.

பாலக்கோடு மிஸ்:

வேண்டும்தான், வீடியோ ஓட்டுகிற அளவுக்கு வேண்டாம், மெதுவாக வந்தாலும் சமாளிக்கும். ப்ரொஜக்டர் கூடக் கட்டாயம் இல்லை, கேள்வியை வாயால் படித்துவிட்டு ஸ்கேன் செய்யலாம். டீச்சர் ஏதோ மேடு என்றார்களே, அங்கே உட்கார வைத்து நடத்தினால் என்ன?

அஞ்செட்டிக்காரி:

அட, இது தோன்றவே இல்லை. மேட்டில் புளியமரம் இருக்கிறது, நிழலுக்குக் குறைவில்லை. தலைமை ஆசிரியரிடம் கேட்டேன், வாரம் ஒரு பீரியட் என்றால் சரி என்றுவிட்டார். அட்டைக்கு லேமினேஷன் போட்டுவிடட்டுமா? இவர்கள் கையில் வெறும் காகிதம் தங்காது.

பாலக்கோடு மிஸ்:

பளபள லேமினேஷன் போட்டால் வெளிச்சம் பட்டுக் கண்ணாடி மாதிரி அடிக்கும், கேமராவுக்குக் கட்டம் தெரியாது, வெயிலில் இன்னும் மோசம். கெட்டி அட்டையில் ஒட்டிக் கொடுங்கள். விரல் கட்டத்தை மறைக்காமல் ஓரத்தைப் பிடிக்கவும் பழக்கிவிட வேண்டும், முதல் வகுப்பு முழுக்க அதற்கே போய்விடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லேப் பொறுப்பு, கிருஷ்ணகிரி:

எல்லோரும் வீடியோவிலேயே நிற்கிறீர்கள். அறிவியல் என்றால் நான் முதலில் ஃபெட் என்றுதான் சொல்வேன், சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கிற தளம். அமெரிக்காவில் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகம் நடத்துவது, இயற்பியல் நோபல் வாங்கிய கார்ல் வீமன் 2002-இல் தொடங்கினார். வீடியோ நாம் பார்க்க மட்டும்தான், இதில் பிள்ளையே கை வைத்து மாற்றலாம். மின்சுற்றுக் கட்டும் பகுதியைத் திறந்தால் பேட்டரி, பல்பு, ஒயர், சுவிட்ச் எல்லாம் ஓரத்தில் கிடக்கும், இழுத்து வந்து சேர்க்க வேண்டியதுதான். பத்தாம் வகுப்பு மின்னோட்டவியலில் தொடர் இணைப்பு, பக்க இணைப்பு என்று கரும்பலகையில் படம் போட்டுப் போட்டு நமக்குத்தான் கை வலிக்கும். இங்கே பல்பு ஒன்றைக் கழற்றினால் தொடர் இணைப்பில் எல்லாம் அணைவதும், பக்க இணைப்பில் மற்றது எரிவதும் கண்ணெதிரே நடக்கும். மின்னோட்டம் அளக்கும் அம்மீட்டரைப் பக்க இணைப்பில் போட்டால் என்ன ஆகும் என்று ஒரு பையன் கேட்டான், போட்டுப் பார் என்றேன், திரையில் தீப்பிடித்தது. நிஜ லேபில் அந்தச் சோதனைக்கு நான் விடுவேனா?

உங்களுக்கு முக்கியமான விஷயம், ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக டவுன்லோடு செய்யலாம். எச்டிஎம்எல் கோப்பு ஒன்றுதான் வரும், பென்டிரைவில் போட்டு எந்த லேப்டாப்பிலும் குரோமில் திறந்தால் ஓடும், நெட்டும் வேண்டாம், இன்ஸ்டாலும் வேண்டாம். ஹைடெக் லேப் உள்ள பள்ளிகளில் கணினியில் எதையும் நிறுவ முடியாமல் பூட்டி வைத்திருப்பார்கள், அங்கேயும் இது ஓடும். ஜாவா, ஃபிளாஷ் என்று போட்டிருக்கும் பழையவற்றைத் தொடாதீர்கள், ஃபிளாஷ் 2020-ஓடு முடிந்துபோன கதை.

தமிழில் பல இருக்கின்றன, எல்லாமே இல்லை. மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்துகொண்டு இறக்குங்கள், இல்லையென்றால் ஆங்கிலப் பதிப்பு வந்து சேரும்.

அஞ்செட்டிக்காரி:

சார், அந்தப் பட்டியலில் தெலுங்கு, கன்னடமும் இருக்கிறதா? என் வகுப்பில் வீட்டில் கன்னடம் பேசுகிற பிள்ளைகளும் தெலுங்கு பேசுகிற பிள்ளைகளும் கணிசம். தமிழ்வழியில்தான் படிக்கிறார்கள், ஆனாலும் மின்தடை (ரெசிஸ்டன்ஸ்) என்றால் கரண்ட் போவது என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

லேப் பொறுப்பு, கிருஷ்ணகிரி:

இரண்டும் இருக்கின்றன. ஆனால் பரீட்சைக்குத் தமிழ்ச் சொல்தான் வேண்டும் என்பதால் தமிழையே திரையில் வைத்து, வாயால் அவர்கள் மொழியில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வாத்தியார் வேலை பார்ப்பவர்களுக்கு அது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மின்தடையைக் கரண்ட் போவது என்று நினைப்பது தமிழ்ப் பிள்ளைகளும்தான், திரையில் தடையைக் கூட்டக் கூட்ட பல்பு மங்குவதைக் காட்டினால் சரியாகிவிடும். அப்புறம் ஒன்று, இதைக் காட்டிவிட்டோம் என்று நிஜ பேட்டரியையும் பல்பையும் அலமாரியில் பூட்டிவிடாதீர்கள். ஒயர் முனையைச் சுரண்டிச் சேர்க்கிற வேலையைத் திரை கற்றுத் தராது.

நேரம் இருந்தால் கிவிக்ஸ் என்ற செயலியைப் பாருங்கள், தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி நெட் இல்லாமல் தேடலாம். ஓசூர் வரும்போது நல்ல நெட்டில் இறக்கிக்கொள்ளுங்கள். மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் மணற்கேணி செயலியும் 2023-இல் இருந்து இருக்கிறது, தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டுக்கும் வீடியோ உண்டு.

ராயக்கோட்டைத் தக்காளி:

இதே இழையில் என் சந்தேகத்தையும் கேட்டுவிடுகிறேன். பக்கத்துப் பள்ளியில் இருந்து வேர்டில் வினாத்தாள் அனுப்பினார்கள், திறந்தால் ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது. வைரஸா?

அரூர் கணக்கு:

வைரஸ் இல்லை சார், பாமினி. இல்லாவிட்டால் வானவில். பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்கு மேலே தமிழ் உருவத்தை ஒட்டி வைத்தவை, அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லையென்றால் அடியில் இருக்கும் ஆங்கிலம் தெரியும். எழுத்துருப் பட்டியில் என்ன பெயர் இருக்கிறது என்று பார்த்து, என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற எழுத்துரு மாற்றும் மென்பொருளில் அதே பெயரைத் தேர்ந்து, எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். ஆங்கிலச் சொற்களும் கணக்குச் சமன்பாடும் அந்த மாற்றத்தில் சிதையும், அவற்றை மட்டும் கையால் திருத்துங்கள். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடு என்று ஆணை போட்டுவிட்டது, நம் ஆட்கள் இன்னும் பாமினியில் வினாத்தாள் அடிக்கிறார்கள். அனுப்பியவரிடம் அடுத்த முறை பிடிஎஃப் ஆகவும் ஒன்று சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

ராயக்கோட்டைத் தக்காளி:

மாறிவிட்டது சார், நன்றி. சமன்பாடு மட்டும் நீங்கள் சொன்ன மாதிரியே கந்தலாகி வந்திருக்கிறது, உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன்.