இலங்கைத் தேயிலைத் தோட்ட வேலையை மருத்துவக் காரணத்தால் விட்டால் எவ்வளவு வரும்?

லயம்22:
கொழுந்து பறிக்கும் பெண், வயது 46. மலையில் சறுக்கி விழுந்து முதுகெலும்பில் அடி. இனிக் கூடை சுமக்க ஏலாது. பேர் பதிந்து 22 வருஷம் 7 மாதம், கடைசி நாட்சம்பளம் 1,350 ரூபாய். சர்வீஸ் காசு (பணிக்கொடை), ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி), விபத்து நட்டஈடு எல்லாம் சேர்ந்து எவ்வளவு வரும்?

செக்ரோல்:
மூன்றையும் ஒரே கணக்கில் கூட்டாதீங்க, சட்டம் வேறு வேறு. இப்பவே கணக்குப் பார்க்கக்கூடியது சர்வீஸ் காசுதான். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு முழுதாக முடிந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம். 22 × 14 = 308 நாள்; 1,350ஆல் பெருக்கினால் 415,800 ரூபாய். அந்த 7 மாதம் சேராது. தகராறு வருஷ எண்ணிக்கையில்தான் வரும்: பேர் பதியுமுன் கைக்காசுக்கு (பதிவில்லாத அன்றாடக் கூலிக்கு) செய்த காலத்தை விட்டுவிடுவாங்க. பழைய சம்பளத் துண்டு இருந்தால் தேடி எடுங்க.

மலைக்காற்று:
ஈபிஎப் பெண்களுக்கு 50 வயதில். அதற்கு முன் எடுக்க, நிரந்தரமாக வேலை செய்ய இயலாதவர் என்ற மருத்துவச் சான்று வேணும். டாக்டர் "லேசான வேலை கொடுக்கவும்" என்று எழுதினால் காரியம் கெட்டது. அதைக் காட்டியே தோட்டம் பிள்ளைக் காம்பராவில் (பிள்ளை பராமரிப்பு நிலையத்தில்) வேலை தரலாம். எவ்வளவு நேரம் நிற்கலாம், குனியலாமா, ஸ்கேன் எடுத்த திகதி, பாதிப்பு நிரந்தரமா என்பதெல்லாம் சான்றில் இருக்கட்டும். இல்லாததை எழுதச் சொல்லாதீங்க, மறுபடி சோதிப்பாங்க.

பேரையும் பாருங்க. அடையாள அட்டையில் மாரியாயி, ஈபிஎப் பதிவில் மாரியாய் என்றால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்து வையுங்க.

செக்ரோல்:
நட்டஈடு 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் வரும். உழைக்கும் திறன் எத்தனை வீதம் போனது, சம்பளம் எவ்வளவு, இரண்டையும் வைத்துத்தான் தொகை. 2022 திருத்தத்துக்குப் பிறகு உச்சம் 20 இலட்சம்; எல்லாருக்கும் அவ்வளவு என்று நினைச்சிடாதீங்க. வீதம் தெரியாமல் தொகை சொல்வது வெறும் ஊகம். விழுந்த நாள், மலை நம்பர், நேரம், பக்கத்து நிரையில் நின்றவர்கள், கங்காணியிடம் சொன்னது எல்லாவற்றையும் இப்பவே எழுதி வையுங்க. "சுயவிருப்பில் விலகுகிறேன்" என்ற கடிதத்தில் கையெழுத்து வேண்டாம்.

லயம்22:
ஆஸ்பத்திரித் துண்டில் "வீட்டில் விழுந்தது" என்று இருக்கே?

மலைக்காற்று:
துண்டில் கை வைக்காதீங்க, திருத்தினால் உள்ளதும் போகும். கூட வேலை செய்த இரண்டு பேரிடம் சத்தியக்கடதாசி, அன்றைய செக்ரோல் (வேலை நாள் வரவேடு) பதிவின் பிரதி, தோட்ட டிஸ்பென்சரிப் புத்தகத்தில் அதே திகதி. மூன்றிலும் நேரம் ஒத்துப்போகணும்.