மிருகம் முதலிலா, மனுஷன் முதலிலா? ஆதியாகமம் 1, 2 பற்றி ஒரு கேள்வி

கேள்வி: களியக்காவிளை டீச்சர்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பதினோரு வருஷமாக எங்கள் சபையில் சண்டே ஸ்கூல் எடுக்கிறேன். போன ஞாயிறு படைப்புப் பாடம். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, “டீச்சர், முதல் அதிகாரத்துல மிருகம் எல்லாம் வந்த பிறகுதானே மனுஷன் வாறான்? இரண்டாவதுல மனுஷன் முதல்ல வந்துட்டான், பிறகுதானே மிருகத்தை மண்ணால செய்து பேர் போடக் கொண்டு வாறாரு? எது சரி?” என்று கேட்டாள். 2:19-இல் விரலை வைத்தபடியே நின்றாள். எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் மக்களே என்று உட்கார வைத்தேன். இத்தனை வருஷமும் இரண்டையும் ஒரே கதையாகச் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தப் பிள்ளையைச் சமாளித்து அனுப்புகிற பதில் எனக்கு வேண்டாம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பாறசாலைக்காரன்

டீச்சர், எங்கள் அம்மா வீட்டில் மலையாள வேதபுத்தகம்தான். அதில் முதல் அதிகாரம் முழுக்க ‘தைவம்’ என்று வரும். 2:4-இல் ‘யஹோவயாய தைவம்’ ஆகிவிடும். நம் தமிழிலும் அதே இடத்தில்தான் ‘தேவன்’ போய் ‘தேவனாகிய கர்த்தர்’ வருகிறது. 1753-இல் ழான் அஸ்த்ருக் என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்தப் பெயர் மாற்றத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஆதியாகமத்தில் வெவ்வேறு பழைய ஏடுகள் சேர்ந்திருக்கின்றன என்று எழுதினார். அவர் மோசேயை மறுக்கவில்லை. அந்த ஏடுகளை மோசேதான் தொகுத்தார் என்றார்.

பதில்: ஓய்வு பெற்ற போதகர், மார்த்தாண்டம்

மகளே, இரண்டு அதிகாரத்திலும் தண்ணீரைப் பார்.

முதல் அதிகாரம் தொடங்கும்போதே எங்கும் தண்ணீர். ‘ஆழத்தின்மேல் இருள் இருந்தது.’ அந்த ஆழத்துக்கு எபிரெயத்தில் தெஹோம் என்று பெயர். பாபிலோனியரின் எனூமா எலிஷ் என்ற படைப்புப் பாட்டில் கடலாக வருகிறவள் தியாமத். இரண்டு சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. மர்தூக் அவளைக் கொன்று, உடலைப் பிளந்து, ஒரு பாதியை வானமாக்குகிறான். நினிவேயில் கிடைத்த அந்தக் களிமண் பலகைகளை ஜார்ஜ் ஸ்மித் மொழிபெயர்த்து 1876-இல் வெளியிட்டார். நம் அதிகாரத்தில் சண்டையே கிடையாது. தேவன் சொல்கிறார், தண்ணீர் பிரிகிறது. சூரியனைக்கூடப் பெயர் சொல்லாமல் ‘பெரிய சுடர்’ என்றே விட்டிருக்கிறார்கள். அங்கே ஷமாஷ் என்றால் சூரிய தெய்வம், எபிரெயத்திலும் சூரியனுக்கு ஷெமேஷ் என்றுதான் பெயர். எருசலேம் ஆலயம் இடிந்து, ஜனங்கள் பாபிலோனில் சிறையிருந்த கி.மு. 6ஆம் நூற்றாண்டை ஒட்டி ஆசாரியர்கள் எழுதியது இது என்று அறிஞர்களில் பலர் சொல்கிறார்கள். ஆலயம் இல்லாத ஊரிலும் ஓய்வுநாளை ஆசரிக்கலாம். அந்த முதல் கதை 2:3 வரை ஓடி, ஏழாம் நாளில் போய் நிற்பதை நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் மழையே இல்லை. செடி இல்லை, நிலத்தைப் பண்படுத்த ஆளும் இல்லை. கானான் மலைநாட்டு விவசாயியின் கவலை அது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிப் போயிருக்கிறாய் அல்லவா? நம் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் பொட்டல். அங்கே இருக்கிறவன் படைப்பைச் சொன்னால் மழையில்தானே தொடங்குவான்?

எது சரி என்று கேட்டால், தொகுத்தவர்கள் ஒன்றை வெட்டி மற்றதோடு ஒட்டவில்லை, இரண்டையும் அப்படியே வைத்திருக்கிறார்கள் என்று பிள்ளையிடம் சொல்.

பதில்: குயவர் வீட்டுப் பேரன்

போதகர் ஐயா சொன்னதோடு ஒன்று. 2:7-இல் ‘உருவாக்கி’ என்பதற்கு எபிரெயத்தில் யாட்ஸர். குயவனுக்கு யோட்ஸேர். எரேமியா 18-இல் வருகிற குயவன் இதே சொல்தான். என் தாத்தா சக்கரத்திலிருந்து அறுத்தெடுக்கும் பானைக்கு அடி இருக்காது. கொஞ்சம் உலர விட்டு, உள்ளே கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் அடியைச் சேர்ப்பார். இந்த வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதான் தெரியும். அத்ரஹாசிஸ் என்ற பாபிலோனியக் கதையிலும் மனுஷன் களிமண்தான், ஆனால் அதில் கொல்லப்பட்ட ஒரு தெய்வத்தின் இரத்தத்தைக் குழைக்கிறார்கள். இங்கே சுவாசத்தை ஊதுகிறார்.

கேள்வி கேட்ட டீச்சர்:

ஐயா, அண்ணன்மாரே, ரொம்ப நன்றி. இரண்டு கதையும் பிரிகிற 2:4-இன் நடுவில் பென்சிலால் கோடு போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கரும்பலகையில் இரண்டு பத்தி வரைந்து, எது எதற்குப் பிறகு வருகிறது என்று அந்தப் பிள்ளையையே எழுதச் சொல்லப் போகிறேன். கொஞ்சம் களிமண்ணும் கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். குழித்துறை ஆற்றங்கரையில் கிடைக்குமா, அண்ணா?