கடனாக எடுத்த மின்னூல் வீட்டுக் கணினியில் திறக்கவில்லை, வழி கூற வேண்டுகிறேன்

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரியின் துணி வணிகம் குறித்துச் சில மாதங்களாகக் குறிப்பெடுத்து வருகிறேன். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இணைய நூலகத்தில் கட்டணமின்றிக் கணக்குத் தொடங்கி, அத்துறை சார்ந்த ஆங்கில நூல் ஒன்றைச் சென்ற செவ்வாய்க்கிழமை 14 நாள் கடனாக எடுத்தேன். வீட்டில் அன்று இணைய இணைப்பு இல்லாததால், திருப்பாதிரிப்புலியூரில் உள்ள ஒரு பிரவுசிங் சென்டரில் அமர்ந்துதான் அதைப் பதிவிறக்கினேன். கோப்பு சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக அங்கிருந்த பணியாளர் அதை இருமுறை சொடுக்கினார். அட்டைப்படம் தெளிவாகத் தெரிந்தது. மன நிறைவோடு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக் கணினியில், கடன் மின்னூல்களைப் படிக்க உதவும் அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் மென்பொருளை நிறுவி, என் பெயரில் அடோபி கணக்கும் தொடங்கி, அதன் பிறகே கோப்பைத் திறந்தேன். வேறொரு பயனர் இந்நூலை ஏற்கெனவே பெற்றுவிட்டார் என்னும் பொருளில் ஒரு பிழைச்செய்தி மட்டுமே வருகிறது. கோப்பின் அளவைப் பார்த்தால் 2 கேபி என்று காட்டுகிறது. முந்நூறு பக்க நூல் 2 கேபிக்குள் எப்படி அடங்கும்? கடன் கெடு முடிய இன்னும் 9 நாள்களே உள்ளன. நான் எங்கே தவறினேன் என்பதை விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1 (நெல்லிக்குப்பம்)

ஐயா, கோப்பின் பெயர் எந்த எழுத்துகளில் முடிகிறது என்று பாருங்கள். இறுதியை பிடிஎஃப் என்று மாற்றித் திறந்தும் பார்க்கலாம்.

கேள்வி கேட்டவர்

மாற்றிப் பார்த்தேன் தம்பி, கோப்பு சேதமடைந்துள்ளது என்கிறது. பழைய பெயரையே திரும்ப வைத்துவிட்டேன். அது ஏசிஎஸ்எம் என்று முடிகிறது.

மறுமொழி 2 (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

வணக்கம் ஐயா. நான் கல்லூரி நூலகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவள். இதே சிக்கலோடு மாணவர்கள் பலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். உங்கள் கோப்பில் பழுது ஏதும் இல்லை. ஏசிஎஸ்எம் என்று முடிவது நூலே அன்று. நூலைப் பெற்றுக்கொள்வதற்கான சீட்டு. ரேஷன் கடையில் டோக்கனை நீட்டிய பிறகுதான் அரிசி கைக்கு வருவதைப் போல, அந்தச் சீட்டைத் திறந்த பிறகே மென்பொருள் இணையத்தின் வழியாக உண்மையான நூலைக் கொண்டுவருகிறது. 2 கேபி என்று காட்டியதற்குக் காரணம் இதுதான். பெயரின் இறுதியை மாற்றினால் சீட்டு நூலாகிவிடாது.

சீட்டை முதலில் எந்தக் கணினி திறக்கிறதோ, அந்தக் கணினியில் அப்போது பதிவாகியிருக்கும் அடோபி கணக்குக்கே நூல் பூட்டப்படும். பிரவுசிங் சென்டரின் கணினி அவர்களுடைய கணக்கிலோ, கணக்கே இல்லாமல் அனுமதிக்கப்பட்டோ இருந்திருக்க வேண்டும். பணியாளர் நல்லெண்ணத்தோடு சொடுக்கிய அந்த நொடியில் உங்கள் கடன் அந்தக் கணினிக்கு உரியதாகிவிட்டது. அங்கே இறங்கியுள்ள நூலைப் படியெடுத்து வந்தாலும் உங்கள் வீட்டில் திறக்காது.

ஆகவே மீண்டும் அங்கே சென்று, அதே கணினியில் அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸைத் திறந்து, நூலின் அட்டை மீது வலப்பொத்தானைச் சொடுக்கி, ‘ரிட்டர்ன் பாரோட் ஐட்டம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மென்பொருளுக்குள் இறங்கிவிட்ட நூலை அங்கிருந்துதான் திருப்ப வேண்டும். செல்ல இயலாவிட்டாலும் கவலை வேண்டாம். 14 நாள் முடிந்ததும் நூல் தானாகவே திரும்பிவிடும், தாமதக் கட்டணம் என்று எதுவும் இல்லை.

நூலைத் திருப்பிய பின் வீட்டில் புதிதாகக் கடன் எடுங்கள். பழைய சீட்டு இனிப் பயன்படாது, அதை அழித்துவிடுங்கள். புதிய சீட்டைத் தொடும் முன், மென்பொருளின் ‘ஹெல்ப்’ பட்டியலில் ‘ஆத்தரைஸ் கம்ப்யூட்டர்’ என்னும் இடத்தில் உங்கள் கணக்கு பதிவாகியிருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். அவசரத்தில் கணக்கின்றி அனுமதித்திருந்தால் கண்ட்ரோல், ஷிஃப்ட், டி ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தி அந்த அனுமதியை நீக்கிவிட்டு, உங்கள் கணக்கைக் கொடுங்கள். கடன் எடுக்கும்போது 14 நாள் என்பதையே தேர்ந்தெடுங்கள். ஒரு மணி நேரக் கடனைத் தளத்திலேயே வைத்துப் படிக்கலாமே தவிர, பதிவிறக்க முடியாது.

உங்கள் ஆய்வுப்பொருளைக் கண்டதால் இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு, 1904 தொடங்கி 1928 வரை 12 தொகுதிகளாகச் சென்னையில் வெளிவந்தது. அதற்குக் கடனும் வேண்டாம், சீட்டும் வேண்டாம். அதே தளத்தில் பிடிஎஃப் கோப்பாக நேரடியாக இறக்கி, எந்தக் கணினியிலும் படிக்கலாம். துணி வணிகர்கள், சரக்கு, விலை, சண்டை என்று உங்களுக்கு வேண்டிய செய்திகள் அதில் நிறைந்து கிடக்கின்றன.

மறுமொழி 1

மிக்க நன்றி அம்மா, தவறான வழியைச் சொன்னதற்கு ஐயா பொறுத்தருள வேண்டும். தமிழ் நூல்களுக்கும் இந்தப் பூட்டு உண்டா?

மறுமொழி 2

பெரும்பாலும் இல்லை தம்பி. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த நூல்களும், அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களும் எல்லோருக்கும் பொது. ஐயா சென்றுவந்த திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்த புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார். அவருடைய எழுத்துகளை 2002இலேயே தமிழக அரசு நாட்டுடைமையாக்கிவிட்டது. இத்தகைய நூல்களைத் தேட, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் உள்ளன. பின்னதில் இருப்பவை பெரும்பாலும் பழைய தாள்களை ஒளிவருடிய படங்கள் என்பதால், எழுத்தை மட்டும் தனியே பெரிதாக்க இயலாது. கைப்பேசியைவிடக் கணினித் திரையில் படிப்பது கண்ணுக்கு இதம்.

கேள்வி கேட்டவர்

அம்மா, இன்று காலை பிரவுசிங் சென்டருக்குச் சென்றேன். மூன்றாம் எண் கணினியில் அந்த நூலின் அட்டை அப்படியே இருந்தது. பணியாளரிடம் விளக்கினேன்; அவரே திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தபோது, என் கணினி கணக்கின்றியே அனுமதிக்கப்பட்டிருந்தது. மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கியதோடு வேலை முடிந்தது என்று நான் எண்ணியிருக்கிறேன். நீங்கள் சொன்ன மூன்று பொத்தான்களை அழுத்தி அதை நீக்கி, கணக்கைப் பதிந்து, புதிதாகக் கடன் எடுத்தேன். நூல் முழுமையாகத் திறந்துவிட்டது. இணைய இணைப்பைத் துண்டித்தும் சோதித்தேன், பக்கங்கள் தடையின்றிப் புரள்கின்றன. நாட்குறிப்பின் முதல் தொகுதியும் இறங்கிக்கொண்டிருக்கிறது.