யோங்ஜோ அரசர் பெற்ற மகனை அரிசிப் பெட்டியில் அடைத்தது கட்சிச் சண்டையாலா?

மழைக்காகம்:
கொரியத் தொடர்கள் பார்த்துப் பார்த்து ஜோசன் (கொரியாவை ஆண்ட பழைய அரச வம்சம்) வரலாறு படிக்க ஆரம்பித்தவள் நான். யோங்ஜோ 1724 முதல் 1776 வரை ஆண்டவர், கட்சிச் சண்டையை அடக்கப் பாடுபட்டவர் என்றுதான் பார்க்கிற இடத்தில் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் 1762-இல் பட்டத்து இளவரசர் சாடோவை அரிசிப் பெட்டிக்குள் அடைத்து, எட்டு நாளில் சாகவிட்டிருக்கிறார். நோரோன் கட்சியின் சதி என்கிறார்கள் சிலர், இளவரசருக்கு மனநோய் என்கிறார்கள் சிலர். எதை நம்புவது? நோரோன், சோரோன் என்பதே எனக்கு இன்னும் பிடிபடவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பனையோலை:
நோரோன், சோரோன் இரண்டும் ஒரே மரத்தின் கிளைகள். மேற்கத்தியர் என்று ஒரு கட்சி இருந்தது, யோங்ஜோவின் அப்பா சுக்ஜோங் காலத்தில் அது இரண்டாகப் பிளந்தது. அவர் தன் ஆட்சியில் ஒரு கட்சியை மொத்தமாக விரட்டிவிட்டு அடுத்ததை உட்கார வைப்பதை 1680, 1689, 1694 என்று மூன்று தடவை செய்தார், ஒவ்வொரு தடவையும் தலைகள் உருண்டன, பகை தலைமுறை தாண்டிப் போனது அப்படித்தான்.

யோங்ஜோவின் நிலைமை இன்னும் சிக்கல். அம்மா அரண்மனையில் கீழ்நிலை வேலை பார்த்தவர். அண்ணன் கியோங்ஜோங்குக்குப் பிள்ளை இல்லாததால் நோரோன்கள் 1721-இல் தம்பியை வாரிசாக்க வைத்தார்கள், அதோடு நிற்காமல் ஆட்சிப் பொறுப்பையும் அவரிடமே கொடுக்கச் சொன்னார்கள். இது ராஜத் துரோகம் என்று சோரோன்கள் பிடித்துக்கொள்ள, நோரோன் தலைவர்கள் நான்கு பேர் உயிரை விட்டார்கள். 1724-இல் அண்ணன் இறந்ததும், தம்பி தரப்பிலிருந்து போன நண்டும் சீமைப் பனிச்சைப் பழமும்தான் காரணம் என்ற பேச்சு கிளம்பியது. 1728-இல் யி இன்ஜ்வா கலகம் செய்து சோங்ஜு கோட்டையைப் பிடித்தபோதும் அதே பழிதான். ஆக, தன்னை அரியணைக்குக் கொண்டுவந்த கட்சிக்கு நன்றிக்கடன், எதிர்க்கட்சியிடம் கொலைப்பழி, இரண்டையும் சுமந்துகொண்டுதான் அவர் சமரசம் பேசினார். அதனால்தான் எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை.

அந்தச் சமரசக் கொள்கைக்குத் தாங்பியோங் என்று பெயர். ஒரு பதவிக்கு நோரோன் ஆளைப் போட்டால் இணையான பதவிக்கு சோரோன் ஆள். 1742-இல் சோங்க்யுங்வான் கல்விக்கூடத்தில் இதற்காகவே கல்வெட்டு வைத்தார், நாளைய அதிகாரிகள் அங்கே படிக்கிற பையன்கள்தானே. பாசிப்பயறு மாவில் செய்த வெள்ளைக் கூழ்க்கட்டியோடு கீரை, இறைச்சி, கடற்பாசி எல்லாம் பல நிறத்தில் கலந்த தாங்பியோங்சே என்ற பதார்த்தம் இன்றும் உண்டு, அந்தப் பெயர் இந்தக் கொள்கையிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். ஆனால் 1755-இல் நாஜுவில் அரசரைத் தூற்றும் சுவரொட்டி ஒன்று ஒட்டப்பட்டது, விசாரணையில் சோரோன்கள் பலர் கொல்லப்பட்டார்கள், அதோடு தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

கரிசல்மண்:
பனையோலை அண்ணா, அருமை. ஆனால் சாடோ விஷயத்தை வெறும் கட்சிச் சதியாக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை. அவர் மனைவி ஹ்யேக்யோங் சீமாட்டி முதுமையில் எழுதிய நினைவுக்குறிப்புகளைப் படித்துப் பாருங்கள், இளவரசருக்கு உடை மாற்றுவதே பெரும் பயமாகி, ஒரு உடுப்பைப் போடுவதற்குள் பல உடுப்புகள் வீணாகிப்போகும். ஆட்களை வேறு கொன்றிருக்கிறார். கடைசியில் பெற்ற தாயே அரசரிடம் போய் மகனைப் பற்றி முறையிட்டார், அந்த இடத்தைப் படித்துவிட்டு எனக்கு அன்றைக்கு வேறு எதுவும் ஓடவில்லை. வாளாலோ விஷத்தாலோ கொன்றால் துரோகிக்கான தண்டனை ஆகி, மனைவியும் பத்து வயது மகனும் சேர்ந்து அழிவார்கள், அதற்காகத்தான் பெட்டி என்பது பலரும் சொல்லும் விளக்கம்.

மழைக்காகம்:
ஆனால் அந்தச் சீமாட்டியின் அப்பா ஹோங் போங்ஹான் அந்த நேரத்தில் பெரிய அமைச்சர் இல்லையா? தன் பிறந்த வீட்டைக் காப்பாற்ற எழுதியிருக்கலாமே?

பனையோலை:
சரியான கேள்வி. பிறந்த வீட்டின் மேல் விழுந்த பழியைத் துடைப்பது அவர் நோக்கங்களில் ஒன்று, அதை அவரே மறைக்கவில்லை. அதற்காக நோயைப் பற்றிச் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடாது. நோய் இருந்தது, அப்பாவின் கண்டிப்பு அதை முற்றவைத்தது, 1762-இல் நா க்யோங்ஒன் என்பவன் இளவரசர் மேல் துரோகக் குற்றம் சாட்டியபோது தடுக்கத் துணிந்தவர்கள் குறைவு, இப்படித்தான் நான் படித்த அளவில் புரிந்துகொள்கிறேன். அப்புறம் ஒன்று, 1776-இல் பேரன் (பின்னாளில் ஜியோங்ஜோ) கேட்டுக்கொண்டதன் பேரில், அரசரின் செயலகக் குறிப்பேட்டில் அந்தச் சம்பவம் பற்றிய பகுதிகளைத் தண்ணீரில் கழுவி அழிக்க யோங்ஜோ சம்மதித்தார். அதே வருடம் அரியணை ஏறிய அன்று அந்தப் பேரன் எல்லா அமைச்சர்களுக்கும் முன்னால் சொன்னது, "நான் சாடோ இளவரசரின் மகன்" என்று.