எம்.எம்.540 ஜீப்பை 3 அங்குலம் தூக்கிய பிறகு பின்னால் அதிர்வு, ஸ்டியரிங் நேரே நிற்கவில்லை – வழி சொல்லுங்கள்

செம்மண்தடம் (பள்ளத்தூர்)

வணக்கம். வண்டி 1994 மஹிந்திரா எம்.எம்.540, எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் என்ஜின், ஃபோர் வீல் நன்றாக விழுகிறது. எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, புதிதாக வாங்கிய வண்டி. 2024-இல்தான் ஆர்.சி. புதுப்பித்தோம். இதை விற்கிற எண்ணம் வீட்டில் யாருக்கும் கிடையாது, அதனால் "வேறு வண்டி வாங்குங்கள்" என்ற பதில் மட்டும் வேண்டாம்.

எங்கள் முந்திரித் தோப்புக்குப் போகிற தடத்தில் பாதி தைலமரக் காட்டு ஓரம். போன கோடையில் மரம் வெட்டினார்கள், அடிக்கட்டைகள் முழங்கால் அளவுக்கு அப்படியே நிற்கின்றன. மீதிப் பாதியில் செம்பராங்கல் பாறை தலை நீட்டிக்கொண்டிருக்கும், ஐப்பசி கார்த்திகையில் கண்மாய்க் கரைக்குக் கீழே சேறு வேறு. இரண்டு தடவை அடியில் பலமாக இடித்துவிட்டது. அதனால் கொஞ்சம் உயர்த்தலாம் என்று ஒரு பட்டறையில் விட்டேன். நான்கு பக்கமும் ஸ்பிரிங் கட்டில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தார்கள், ஷேக்கிளை, அதாவது கட்டின் ஒரு முனையைச் சேஸியில் தொங்கவிடுகிற இரும்பு இணைப்பை, கழற்றிவிட்டு லேத்தில் 3 அங்குலம் நீளமாகச் செய்து போட்டார்கள். மொத்தம் 3 அங்குலம் ஏறியிருக்கிறது, அளந்து பார்த்தேன்.

இப்போது பிரச்சினை இரண்டு. மணிக்கு 45 தாண்டினால் பின்னாலிருந்து ஒரு அதிர்வு, 55-இல் பின் சீட்டே நடுங்குகிறது, ஆக்சிலரேட்டரை விட்டால் குறைகிறது, மிதித்தால் கூடுகிறது. இரண்டாவது, ஸ்டியரிங். காரைக்குடி ரோட்டில் நேராகப் போகிற இடத்திலேயே வண்டி இடதும் வலதுமாக அலைகிறது, திருப்பிவிட்டுக் கையை விட்டால் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வரவில்லை. முன்பு அப்படி இல்லை. பட்டறையில் கேட்டால் "பழைய வண்டி அப்படித்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும்" என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி இது.

கோட்டையூரான்

வீல் பேலன்ஸ் பாருங்க. ஸ்டியரிங் பாக்ஸில் மேலே ஒரு அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூ இருக்கும், கால் சுற்று இறுக்கினால் பிளே போய்விடும். எனக்குச் சரியானது.

ஏழாம்பட்டை

தம்பி, தயவுசெய்து அந்த ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். கோட்டையூர் நண்பர் சொல்வது ஸ்டியரிங்கில் வெறும் ஆட்டம் இருந்தால் சரி. உங்களுக்கு இருப்பது வேறு, திருப்பிய ஸ்டியரிங் திரும்பி வரவில்லை என்கிறீர்கள். அந்த நிலையில் பாக்ஸை இறுக்கினால் இன்னும் கெட்டியாகும், திரும்பி வருவது இன்னும் குறையும்.

எனக்கு இந்த வரிசை ஜீப்புகளோடு முப்பது வருடப் பழக்கம். சில விஷயம் கேட்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். அடியில் இடித்தது எது, சேஸியா, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற பெட்டி) கீழே இருக்கிற தகடா, இல்லை ஹவுசிங் (ஆக்சில் கூடு) நடுவில் பல்சக்கரங்கள் இருக்கிற கிரவுன் உருண்டையா? டயர் என்ன அளவு? முன் ஜாயின்ட் ஷாஃப்ட்டை, அதாவது டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டு போகிற தண்டை, கழற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தீர்களா? அது டூ வீலில் ஓடும்போதும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், அதிர்வு எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்க அதைவிட எளிய வழி இல்லை. அப்புறம் போனில் சாய்வு பார்க்கிற வசதி இருக்கும், வண்டியைச் சமமான சிமெண்ட் தரையில் நிறுத்தி, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்க யோக் (ஷாஃப்ட் மாட்டுகிற கவை) எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது, ஷாஃப்ட் எத்தனை, ஹவுசிங் பக்கம் ஷாஃப்ட் மாட்டுகிற பினியன் யோக் எத்தனை என்று மூன்றையும் எழுதிப் போடுங்கள். வண்டி தன் கால்களில் நிற்க வேண்டும், ஜாக்கியில் அல்ல.

செம்மண்தடம் (பள்ளத்தூர்)

அண்ணே, நேற்றும் இன்றும் இதே வேலைதான்.

இடித்தது கிரவுன் உருண்டை. இரண்டு தடவையும் அதுதான், அடியில் வெட்டுக்காயம் தெரிகிறது. டயர் 235/75 ஆர் 15. முன் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினேன், அதிர்வில் ஒரு மாற்றமும் இல்லை, ஆகப் பின்னால்தான். அளவுகள்: டிரான்ஸ்ஃபர் கேஸ் யோக் பின்னோக்கிக் கீழே 3 டிகிரி, ஷாஃப்ட் 16 டிகிரி, பினியன் மூக்கு மேல்நோக்கி 7 டிகிரி.

ஏழாம்பட்டை

இந்த மூன்று எண்ணிலேயே உங்கள் நோய் இருக்கிறது.

உங்கள் பின் ஷாஃப்ட்டில் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கிராஸ், அதாவது சாய்ந்த நிலையிலும் சுற்றுகிற சிலுவை வடிவ மூட்டு. கிராஸ் ஜாயின்ட் சாய்ந்த நிலையில் சுற்றும்போது மறுபக்கம் ஒரே சீராகச் சுற்றாது, ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை வேகம் கூடி இரண்டு தடவை குறையும். மேல் ஜாயின்ட் செய்கிற இந்தக் கோளாறைக் கீழ் ஜாயின்ட் எதிராகச் செய்து சரிக்கட்ட வேண்டும், அதற்கு இரண்டு ஜாயின்டிலும் கோணம் சமமாக இருக்க வேண்டும். உங்கள் வண்டியில் மேலே 16-இல் 3 போனால் 13, கீழே 16-இல் 7 போனால் 9. நாலு டிகிரி வித்தியாசம். ஒரு டிகிரிக்குள் இருக்க வேண்டிய இடம் இது.

எங்கிருந்து வந்தது இந்த நாலு? நீள ஷேக்கிளிலிருந்து. பின் கட்டின் முன்முனை சேஸியில் நிலையாக இருக்கிறது, பின்முனை ஷேக்கிளில் தொங்குகிறது. ஷேக்கிளை 3 அங்குலம் நீட்டினால் பின்முனை மட்டும் 3 அங்குலம் இறங்கும், வண்டி அதில் பாதி, ஒன்றரை அங்குலம்தான் ஏறும். மீதி ஒன்றரை உங்களுக்குப் புதுப் பட்டையால் வந்தது. கட்டு 44 அங்குல நீளம் என்று வையுங்கள், ஒரு முனை 3 அங்குலம் இறங்கினால் கட்டு முழுவதும் ஏறத்தாழ 4 டிகிரி திரும்பும், ஹவுசிங் அதோடு சேர்ந்து திரும்பும், பினியன் மூக்கு வானத்தைப் பார்க்கும். உங்கள் போன் காட்டிய எண்ணும் இந்தக் கணக்கும் ஒத்துப் போகின்றன பாருங்கள்.

ஸ்டியரிங் அலைவதும் இதே ஷேக்கிளால்தான். இந்த ஜீப்பில் முன் கட்டுக்கு ஷேக்கிள் முன்பக்கம் இருக்கிறது. அதை நீட்டினால் கட்டின் முன்முனை கீழே போகும், ஆக்சில் முன்னோக்கிக் குனியும், கிங் பின்னின் (சக்கரம் இடம் வலம் திரும்புகிற அச்சு) மேல்முனை பின்னால் சாய்ந்திருக்க வேண்டியது முன்னால் வந்துவிடும். அந்தச் சாய்வுக்குப் பேர்தான் கேஸ்டர். இந்தப் பழைய ஜீப்புகளுக்கு அது 3 டிகிரி அளவில்தான் இருக்கும், அதில் நாலு போனால் என்ன மிச்சம்? இதை ஓட ஓடச் சரியாகும் என்று யாரும் சொல்லக் கூடாது, வளைவில் எதிரே ஒரு பஸ் வந்தால் உயிர்ப் பிரச்சினை.

இன்னொன்று சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். இடித்தது கிரவுன் உருண்டை என்றால் நீங்கள் செய்த தூக்கல் அதற்கு ஒரு நூல் அளவு கூட உதவவில்லை. ஸ்பிரிங்குக்கு மேலே இருப்பதுதான் உயரும், சேஸி, பாடி, டிரான்ஸ்ஃபர் கேஸ். ஆக்சில் டயரின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது, அது உயர ஒரே வழி பெரிய டயர். உருண்டைக்கும் தரைக்கும் நடுவே அளந்து பாருங்கள்.

லேத்துவீடு (தேவகோட்டை)

அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆப்பு வைத்துச் சரிசெய்கிறவர்கள் உண்டு, கட்டுக்கும் ஹவுசிங் மேடைக்கும் நடுவே சாய்வாகச் சீவிய இரும்புத் துண்டு. உங்கள் வண்டியில் கட்டு ஆக்சிலுக்குக் கீழே இருக்கிறது, அதனால் முன்னால் வைத்தால் தடித்த பக்கம் முன்னோக்கியும், பின்னால் வைத்தால் தடித்த பக்கம் பின்னோக்கியும் வர வேண்டும். ஆக்சிலுக்கு மேலே கட்டு இருக்கிற வண்டிக்கு இது அப்படியே தலைகீழ், படத்தைப் பார்த்துச் செய்கிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுவார்கள். அலுமினிய ஆப்பு வேண்டாம், நசுங்கி உடையும். பட்டைகளை நடுவில் கோக்கிற சென்டர் போல்ட்டும் அந்த அளவுக்கு நீளமாகப் போட வேண்டும், தலை மேடையின் குழிக்குள் முழுதாக உட்காராவிட்டால் ஆக்சில் நகரும்.

ஆனால் என் யோசனை, ஆப்பே வேண்டாம். பழைய ஷேக்கிள் இருக்கிறதா? போட்டுவிடுங்கள். நான் லேத்தில் இருபது வருடமாக ஷேக்கிள் கடைகிறேன், 3 அங்குலம் நீட்டிச் செய்து தா என்று கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பக்கவாட்டு ஆட்டமும் கூடும், புஷ் சீக்கிரம் தேயும்.

கடைசியாக ஒன்று, பட்டறையில் பின் ஷாஃப்ட்டைக் கழற்றியபோது ஸ்லிப் ஜாயின்டை, அதாவது ஷாஃப்ட் நீண்டு சுருங்குகிற பல் வைத்த இணைப்பை, உருவினார்களா என்று கேளுங்கள். இரண்டு துண்டிலும் அம்புக்குறி இருக்கும், நேருக்கு நேர் வர வேண்டும். ஒரு பல் தள்ளிச் செருகிவிட்டாலும் இரண்டு யோக்கும் ஒரே தளத்தில் இல்லாமல் அதிரும்.

கானாடுகாத்தான்_டீசல்

பிரேக் ஹோஸைப் பார்த்தீர்களா? சேஸியில் ஜாக்கி வைத்துத் தூக்கி ஆக்சிலை முழுக்கத் தொங்கவிடுங்கள், நடுவில் போகிற ரப்பர் ஹோஸ் தந்தி மாதிரி விறைத்து நின்றால் அந்த வண்டியை ரோட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். ஷாக் அப்சார்பரும் அப்போது முழு நீளத்துக்கு இழுபட்டிருக்கக் கூடாது.

அப்புறம் சட்டப் பக்கம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, தயாரித்த கம்பெனி கொடுத்த அளவுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று. உங்களுக்கு 2029-இல் மறுபடி ஆர்.சி. புதுப்பிக்க வேண்டியிருக்கும், அப்போது வண்டியை நேரில் காட்ட வேண்டும். ஐயா வாங்கிய வண்டி என்கிறீர்கள், காகிதம் சுத்தமாக இருப்பது முக்கியம்.

கோட்டையூரான்

நான் ஸ்க்ரூ சொன்னது தப்பு. ஏழாம்பட்டை அண்ணன் விளக்கியது இப்போதுதான் எனக்கும் புரிகிறது. என் வண்டியிலும் முன் ஷேக்கிள் நீளம் போட்டிருக்கிறேன், நாளைக்கு அளக்கிறேன். 31 அங்குல டயர் போட்டால் இவருக்கு உருண்டை உயரும் இல்லையா?

ஏழாம்பட்டை

உயரும், எவ்வளவு என்று பாருங்கள். 235/75 ஆர் 15-இன் விட்டம் சுமார் 733 மில்லிமீட்டர், 31 அங்குல டயர் 787. வித்தியாசத்தில் பாதிதான் ஆக்சிலுக்குக் கிடைக்கும், 27 மில்லிமீட்டர், ஒரு அங்குலம். அதற்கு விலையாக ஏற்றத்தில் இழுவை குறையும், ஸ்பீடோமீட்டர் 7 சதவீதம் குறைத்துக் காட்டும், பவர் இல்லாத ஸ்டியரிங் கைக்குப் பாரமாகும், முழு ஒடிப்பில் பட்டையில் உரசும். முழங்கால் உயரக் கட்டைக்கு ஒரு அங்குலம் எந்த மூலைக்கு?

கட்டையை நடுவில் விட்டுத் தாண்டப் பார்க்காதீர்கள் தம்பி. சின்னக் கட்டை, பாறை என்றால் டயரை அதன் மேல் ஏற்றுங்கள், ஏற்றினால் உருண்டையும் கூடவே உயரும். லோ கியரில், கால் வைத்தும் வைக்காமலும். பெரிய கட்டையை ஆள் வைத்துத் தோண்டி எடுக்க வேண்டியதுதான்.

செம்மண்தடம் (பள்ளத்தூர்)

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், எல்லோரும் மன்னிக்க வேண்டும், நடுவில் மழை.

முதலில் உருண்டைக்கும் தரைக்கும் அளந்தேன். தூக்குவதற்கு முன் எடுத்த அளவு வீட்டில் எழுதி வைத்திருந்தேன், எட்டேகால் அங்குலம். இப்போதும் எட்டேகால். அதைப் பார்த்துவிட்டு வெகு நேரம் வண்டிக்கு அடியிலேயே படுத்திருந்தேன்.

பின் பிரேக் ஹோஸ் தொங்கவிட்டபோது தந்திதான். முனைக்குப் பக்கத்தில் ரப்பரில் கீறலும் இருந்தது. கானாடுகாத்தான் அண்ணனுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, அந்த வண்டியில்தான் போன வாரம் பிள்ளைகளைப் பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிப் போனேன். ஹோஸ் மூன்றும் புதிது போட்டாகிவிட்டது.

பழைய ஷேக்கிள்கள் சாக்கில் இருந்தன, புது புஷ்ஷோடு போட்டேன். கூடுதல் பட்டையை முன்னால் மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்து, கடைசியில் நான்கிலும் கழற்றிவிட்டேன், ஆள் இல்லாமல் போனால் இடுப்பை முறிக்கிறது. இப்போது அளவு டிரான்ஸ்ஃபர் கேஸ் 3, பினியன் 3. ஸ்டியரிங் முதல் நாளே பழையபடி திரும்பி வந்தது, காரைக்குடி வரை ஒரு கையில் ஓட்டலாம் போலிருந்தது.

ஆனால் அதிர்வு முக்கால்வாசி போய், 60-இல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தேவகோட்டை அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்து ஷாஃப்ட்டைத் துடைத்துப் பார்த்தால், கிரீசும் மண்ணும் மூடிய அம்புக்குறிகள் ஒரு பல் தள்ளி நின்றன. உருவி நேர் செய்து போட்டேன். 65-இல் பின் சீட்டில் அம்மா உட்கார்ந்து வந்தார்கள், "இப்பத்தான் உங்க ஐயா ஓட்டுற மாதிரி இருக்கு" என்றார்கள்.

தடத்துக்கு இரண்டு ஆள் வைத்து, சக்கரம் போகிற கோட்டில் இருந்த பதினோரு கட்டைகளைத் தோண்டி எடுத்தாயிற்று, காட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான். பாறைக்கு அண்ணன் சொன்னபடி டயரை ஏற்றிப் போகிறேன், இதுவரை இடிக்கவில்லை. பட்டறைக்கும் போய் இந்தக் கணக்கை எழுதிக் காட்டினேன், கோபம் இல்லாமல்தான். பெரியவர் உட்கார்ந்து கேட்டார்.

லேத்துவீடு (தேவகோட்டை)

மகிழ்ச்சி தம்பி. ஸ்பிரிங் கட்டை ஆக்சிலோடு பிடிக்கிற யூ போல்ட் பழையதையே போட்டீர்களா, புதிதா? கழற்றிய யூ போல்ட்டை மறுபடி இறுக்கினால் நீண்டுவிடும். புதிது என்றாலும் 100 கிலோமீட்டரில் ஒரு தடவை, 500-இல் ஒரு தடவை வண்டி தரையில் நிற்கும்போது இறுக்க வேண்டும்.

செம்மண்தடம் (பள்ளத்தூர்)

எட்டும் புதிதுதான் அண்ணே. 100-இல் இறுக்கவில்லை, இப்போது 140 ஓடியிருக்கிறது. நாளைக்குக் காலையில் முதல் வேலை அதுதான்.